மோட்டார் ரிப்பேர்

வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸுக்காக நின்ற நேரம் முழுக்கப் பரிபூரணம் தம்பி மகனைக் கையை விட்டு இறக்கவேயில்லை.

"தாங்க மதினி, கை கடுக்கும்" என்று தம்பி பெண்டாட்டி முத்துப்பேச்சி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

"கடுத்தா கடுக்கட்டும். இத்தன வருசம் சும்மா கெடந்த கைதான?"

பரிபூரணத்துக்கும் ஆவுடையப்பனுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடம். பிள்ளை இல்லை. தம்பி காளிராஜைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவனுக்கு ராஜபாளையத்து மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவள் புருஷன். அந்த மில்லில்தான் இப்போது ஸ்டிரைக். காளிராஜ் கேட்டுக்கு வெளியே பந்தலில் உட்கார்ந்து கோஷம் போடுகிறான். ஆவுடையப்பன் மில் காலனிக்குச் சூப்பர்வைசர். கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் பரிபூரணம்தான்.

"என் மச்சினனுக்கு ஒரு சங்கடமும் வராம நான் பாத்துக்கிடுதேன்" என்று போன வாரம் சாப்பாட்டுத் தட்டில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாரே, அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் வெள்ளிக்கிழமை முத்துப்பேச்சியின் தாய்வீட்டுக்குப் புறப்பட்டு வந்தாள். முத்துப்பேச்சிக்குத் தலைப்பிரசவம். மூன்றாம் மாதம் பிள்ளையை அப்பன் வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். அத்தைக்காரி வந்துதான் அழைக்கவேண்டும். செவ்வாயானாலும் இன்றைக்கு நட்சத்திரம் நல்லது; இதை விட்டால் நல்ல நாள் ஐந்தாம் மாதத்தில்தான். அதுவரை காளிராஜ் பொறுப்பானோ என்னவோ, பரிபூரணம் பொறுக்க மாட்டாள்.

திருவில்லிபுத்தூரில் இறங்கி, ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் முத்துப்பேச்சி மெல்லக் கேட்டாள்.

"மதினி, லயன்ல தண்ணி வரலங்காவளே. பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"மோட்டார் ரிப்பேராம். காயில் எரிஞ்சுபோச்சாம். ஞாயித்துக்கெழம காளிராஜ் வந்தப்பச் சொன்னான்லா? உங்க அண்ணன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக்கிட்டுக் கெடக்காவளாம். இன்னிக்கு வந்திரும். அவிய இருக்கும்போது உனக்கு என்ன கவலை?"

சொல்லும்போதே பரிபூரணத்துக்குப் பெருமையாக இருந்தது. பதினாறு வருடத்தில் புருஷனைப் பற்றி இப்படிப் பெருமை பேசும் சந்தர்ப்பம் அவளுக்கு அடிக்கடி வாய்த்ததில்லை.

மில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயன் வீடுகள் மூன்று வரிசை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழாய். இன்றைக்கு எல்லாக் குழாய்க்கும் கீழே ஒரு குடம் காலியாக நின்றது. எல்லாக் குழாயும் திறந்தே கிடந்தது. தண்ணீர் எப்போது வந்தாலும் சத்தம் கேட்கவேண்டும் அல்லவா?

வாசலில் நிறுத்தி ஆலம் சுற்றவேண்டும். தட்டு இருந்தது, மஞ்சள் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. கரைக்கத்தான் தண்ணீர் இல்லை. கைப்பிள்ளையோடு முத்துப்பேச்சி வெயிலில் நின்றாள். தட்டை வைத்துக்கொண்டு பரிபூரணம் விழித்தாள். பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் உள்ளே போய் ஒரு செம்பு கொண்டுவந்தாள். அடியில் அரைச் செம்புக்கும் கீழே தண்ணீர்.

"குடிக்க வச்சதுல்லா? வேண்டாம்க்கா" என்றாள் முத்துப்பேச்சி.

"ஏட்டி, சும்மா நில்லு. பச்சப்புள்ள மொதமொத வீடு ஏறுது. நாங்க ஒரு நேரம் குடிக்கலன்னா செத்தா போவோம்?"

ஆலம் சுற்றியாயிற்று. சுற்றிய நீரைத் தெருவில் ஊற்றவேண்டும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. பரிபூரணம் ஊற்றினாள். சிவப்பாக ஓடி, ஒரு முழம்கூடப் போகாமல் மண் குடித்துவிட்டது. நின்ற பெண்கள் அத்தனை பேரும் அந்த ஈர மண்ணையே பார்த்தார்கள்.

"சாரும் பாவம்" என்றாள் சுந்தரம்மாள். "நாலு நாளா மோட்டாரோட மல்லுக்கட்டுதாரு. நேத்துக்கூட வந்து, 'பொறுத்துக்கிடுங்க தாயி, என் கையில என்ன இருக்கு'ன்னு கண்ணு கலங்கிட்டாரு."

அந்த நேரம் பார்த்துக் காளிராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் குடம். செட்டியார்பட்டி ரோட்டில் எவனோ ஒருவன் தோட்டத்துக் கிணற்றில் கெஞ்சி வாங்கிய தண்ணீர். மகனைப் பார்த்ததும் சிரித்தான். அக்காவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, உன் வீட்டுக் குழாயில தண்ணி வருதா?"

"வரும்லா. அது தனி மோட்டார்னு அத்தான் சொன்னாவளாம்லா?"

"தனி மோட்டாரா? அது எங்கன இருக்கு? நானும் ரெண்டு நாளாத் தேடிக்கிட்டு இருக்கேன். இந்தக் காலனிக்கே ஒரு டேங்குதானக்கா."

"சின்னப் பய மாதிரிப் பேசாதல. அவிய பொய்யா சொல்லுவாவ?"

"நீயே கேளு. என்ன சொல்லுதாவன்னு வந்து எங்கிட்டயும் சொல்லு."

பரிபூரணம் விறுவிறுவென்று நடந்தாள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கும் லயனுக்கும் நடுவே முள்கம்பி வேலி, அதில் ஒரு கேட். கேட்டில் புதிதாக ஒரு வாட்ச்மேன் நின்றான். வேறு ஊர்க்காரன்.

"இதுக்கு எதுக்குப்பா ஒரு ஆளு?"

"லயன்ல இருந்து ஆள் வரலாம்மா. குடம் வரக்கூடாது. ஆர்டர்."

வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக முத்துப்பேச்சிக்கு ஒரு வாளித் தண்ணீர் பிடிக்கலாம் என்று பின்கட்டுக்குப் போனாள். கொல்லைக் கதவு முழுக்கத் திறக்கவில்லை. பின்னால் எதுவோ முட்டியது. சாக்கை விலக்கிப் பார்த்தால் வால்வு சாவி. சாவி என்றுதான் பேர். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, மேலே பிடித்துத் திருகக் குறுக்குக் கைப்பிடி. டேங்கடியில் குழிக்குள் இருக்கும் வால்வைத் திறப்பதும் மூடுவதும் இதைக் கொண்டுதான். வருஷக்கணக்காக இது தண்ணீர் திறந்துவிடும் மாரிசாமியின் தோளில் கிடந்த சாமான். இங்கே இதற்கு என்ன வேலை?

மாரிசாமி டேங்கடியில் சும்மா உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். மோட்டார் ரூமில் உர்ரென்று சத்தம்.

"மாரிசாமி, மோட்டாருக்கு என்னாச்சு?"

"மோட்டாருக்கு என்னக்கா? ஜோரா ஓடுது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "சார் லயன் வால்வை மூடச் சொன்னாவ. மூடுனேன். சாவியையும் அவியளே வாங்கி வச்சுக்கிட்டாவ. எனக்கு என்னக்கா தெரியும்? தொறன்னா தொறக்கேன், மூடுன்னா மூடுதேன்."

பரிபூரணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் திரும்பி வந்தபோது ஆவுடையப்பன் மொட்டைமாடியில் இருந்தார். இரண்டு கையாலும் ஆன்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்து, டிவி டவர் இருக்கும் கொடைக்கானல் திசைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நல்லவேளை. உள்ள போயி டிவியப் பாரு. படம் தெரியுதா?"

"ஏங்க, லயனுக்குத் தண்ணிய மூடச் சொன்னது நீங்களா?"

"ஏட்டி, படம் தெரியுதான்னு கேக்கேன்!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "புள்ளி புள்ளியா இருக்கு. நீங்களான்னு கேட்டேன்."

"இப்ப?"

"கோடு கோடா இருக்கு. பதில் சொல்லுங்க."

அவர் குழாயை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் வந்து கீழே பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருந்தது.

"மெதுவாப் பேசு. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு, அவருக்கு மேல இருந்து சொன்னாவளாம். நான் மாரிசாமிட்டச் சொன்னேன். மூடுனது அவன். இதுல நான் என்னத்தச் செஞ்சுட்டேன்?"

"பச்சப்புள்ளைய வச்சிருக்கா அங்க! ஆலம் கரைக்கத் தண்ணியில்ல!"

"எனக்கு மட்டும் வருத்தமில்லையா? ஸ்டிரைக்க முடிச்சுக்கிட்டா அன்னிக்கே தண்ணி. அவங்க கையிலதான இருக்கு? மோட்டார் ரிப்பேர்னு சொல்லுங்கன்னு நான்தான் மேனேஜருக்கு யோசனை சொன்னேன், தெரியுமா? இல்லன்னா மூடிட்டோம்னு போர்டே வச்சிருப்பாரு. ஊர் மனசு புண்படுமேன்னு பாத்தேன்." மறுபடி குழாயைப் பிடித்தார். "இப்பப் பாரு. படம் தெரியுதா?"

தெரிந்தது. சலவை பண்ணின மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. பரிபூரணம் உள்ளே போனாள். இந்த மனுஷனோடு சுவரில் முட்டிக்கொள்வதுபோலப் பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு டிவியில் 'இருபத்தொன்றாம் தெரு' தொடர். காலனியில் கலர் டிவி ஒன்றே ஒன்றுதான், அது ஆவுடையப்பன் வீட்டில். லயனே அங்கேதான் கூடும். ஸ்டிரைக் வந்தாலும் சரி, வெள்ளம் வந்தாலும் சரி, அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் வந்தார்கள். குடம் கொண்டுவரக் கூடாதே, வெறுங்கையோடு வந்தார்கள்.

"வாங்க, வாங்க. தள்ளி உக்காருங்க, எல்லாரும் பாக்கணும்லா? பரிபூரணம், பிள்ளையளுக்குப் பாயை விரி. ஏலே மாரிசாமி, வாசல்ல நிக்காத, உள்ள வந்து உக்காரு." ஆவுடையப்பன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். வேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் வந்தால் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"மோட்டார் என்னாச்சு சார்?" என்றாள் சுந்தரம்மாள்.

"அலைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்ட பரிபூரணம் உதட்டைக் கடித்தாள். சொல்லிவிடலாம். இந்த நிமிஷமே சொல்லிவிடலாம். சொன்னால் இந்தக் கூட்டத்தில் தன் புருஷன் கதி என்ன?

தொடர் ஆரம்பித்தது. இனிமேல் வரப்போகிற ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு நகரத்தில் நடக்கிற கதை. யாரால் பிரயோஜனம் இல்லை என்று சர்க்கார் நினைக்கிறதோ, அந்த வீட்டுக் கதவில் சாயங்காலம் ஒரு ஆபீசர் வந்து சாக்பீஸால் கோடு போடுவார். விடிந்தால் அந்த வீடு காலியாக இருக்கும். ஆபீசர் ஒருவரையும் அடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். வீட்டில் கிளி வளர்ப்பார், பெண்டாட்டிக்குப் பீன்ஸ் நறுக்கிக் கொடுப்பார். இன்றைக்கு அவர் கோடு போட்டது ஒரு வாத்தியார் வீட்டுக் கதவில். வாத்தியார் பெண்டாட்டி காலில் விழுந்தாள். "நான் கோடு மட்டும்தான் போடுகிறேன் அம்மா" என்றார் ஆபீசர், தணிந்த குரலில்.

"பாவிப்பய!" ஆவுடையப்பன் தொடையில் அடித்துக்கொண்டார். "இவனெல்லாம் மனுசனா? சோறுதான் திங்கானா? பொம்பள அழுதா, கல்லு மாதிரி நிக்கான் பாருங்க!"

"நல்லாக் கேளுங்க சார்!" என்றது கூட்டம். பரிபூரணத்துக்கு ஓவென்று கத்தவேண்டும்போல இருந்தது.

திரையில் ஆபீசர் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குழாயைத் திறந்து கையில் இருந்த சாக்பீஸ் தூள் போக சோப்புப் போட ஆரம்பித்தார். விரல் விரலாகத் தேய்த்தார். குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று தண்ணீர், இரண்டு விரல் தடிமனுக்கு.

ஹாலில் இருந்தவர்கள் வாத்தியாரை மறந்துவிட்டார்கள், அவர் பெண்டாட்டியை மறந்துவிட்டார்கள். அத்தனை கண்ணும் அந்தக் குழாயில். முன்வரிசையில் ஒரு சின்னப்பெண் நாக்கால் உதட்டைத் தடவினாள்.

"ஏ, குழாய மூடுடா!" என்று கத்தினாள் சுந்தரம்மாள். "எம்புட்டுத் தண்ணி போவுது! மூடித் தொலையேன்டா!"

யாரும் சிரிக்கவில்லை. ஆவுடையப்பன் மட்டும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் பரிபூரணத்தை எழுப்பியது. கொல்லைக் கதவுச் சாக்கை உருவி எறிந்தாள், சாவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். டேங்கடியில் ஒரு ஈ காக்கை இல்லை; வாட்ச்மேன்கூட ஜன்னலோரம் நின்று டிவி பார்த்துக்கொண்டிருந்தான். குழிக்குள் கம்பியை இறக்கி, கைப்பிடியைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து, முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். உள்ளங்கை தோல் உரிந்தது. கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு காலடியில் மண்ணுக்குள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்.

லயனில் அத்தனை குழாயும் ஒரே நேரத்தில் காலிக் குடத்தில் விழுந்தால் எப்படி இருக்கும்? கோயில் கொட்டு மாதிரி இருந்தது.

"தண்ணி! ஏட்டி, தண்ணி வந்துட்டு!"

அவள் பின்கட்டு வழியாக உள்ளே வரும்போது ஹால் காலி. பாயெல்லாம் சுருண்டு கிடந்தது. திரையில் ஆபீசர் கிளிக்குப் பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். கத்துவார், அடிக்கக்கூடக் கை ஓங்குவார் என்று நினைத்துத்தான் அவள் வந்தாள்.

"யாரும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்பச் சரி. அதைச் சாக்குக்குள்ள வையி." அவள் அதைச் சாக்குக்குள் திணித்து வைத்துவிட்டு வந்ததும் சொன்னார். "அரை மணி நேரம் ஓடட்டும். பாவம், பிடிச்சுக்கிடட்டும். நான் என்ன கல்நெஞ்சனா? பொறவு மூடிக்கிடலாம். காலைல மேனேஜர் கேட்டா மாரிசாமி சாவிய எடுத்துத் தொறந்துட்டான்னு சொல்லிருதேன்."

"மாரிசாமியா? அவன் இங்கன உங்க காலடியிலதான உக்காந்திருந்தான்!"

"யாரு சொல்லுவா? கூட உக்காந்திருந்ததெல்லாம் ஸ்டிரைக்காரன் வீட்டு ஆளுக, அவங்க சொன்னா எடுபடுமா? நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லமாட்ட." எழுந்து வந்து அவள் உரிந்த உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "இப்படியா இழுத்து வச்சுக்கிடுவ? மஞ்சள் போடு. இங்க பாரு, உன் பேரு வெளிய வந்தா காளிராஜ் தூண்டிவிட்டான்னுதான் ஆகும். போலீசு வரும், வேலை போகும், வீட்டைப் பூட்டுவான். பிள்ளையோட முத்துப்பேச்சி தெருவுல நிப்பா. மாரிசாமி ஒண்டிக்கட்டை. அவனுக்கு வேற மில்லுல நானே சொல்லிவிடுதேன்."

அவர் பேசியது அத்தனையும் அக்கறை.

வாசலில் செருப்புச் சத்தம். மாரிசாமி மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான்.

"சார்! யாரோ வால்வைத் தொறந்துட்டாவ சார்! சத்தியமா நான் இல்ல. அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. நான் இங்கனதான உக்காந்திருந்தேன்? நீங்க பாத்தீயல்லா?"

பரிபூரணம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். லயனில் குடங்கள் மோதும் சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம். அதற்குள்ளே ஒரு பச்சைக் குழந்தை வீரிட்டு அழுதது. முத்துப்பேச்சி அவனை இப்போதுதான் குளிப்பாட்டுகிறாள்போல.

"எனக்குத் தெரியாது மாரிசாமி" என்றாள். "நான் அடுக்களைல இருந்தேன்."

மாரிசாமியின் பார்வை அவள் முந்தானைக்கு வந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்குத் துருக்கறை. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவள் அடுக்களைக்கு ஓடினாள். குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்துத் தேய்த்தாள். விரல் விரலாகத் தேய்த்தாள். உரிந்த இடம் எரிந்ததே தவிர, ரேகையில் ஏறின துரு போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டாள்.

ஹாலில் இருந்து ஆவுடையப்பன் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, குழாயை மூடு. தண்ணி வீணாப் போகுது."